தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க (1891 – 1967)

க.பொ.த. (சாதாரண தரம்) – வரலாறு
இலங்கையின் தொழிலாளர் இயக்கம்: வாழ்க்கை வரலாற்றுக் குறிப்பு

அறிமுகம்

கொழும்புக்குப் போய் வந்தவர்கள் குணசிங்கபுர என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். புறக்கோட்டைக்கு அருகிலுள்ள அந்தப் பகுதிக்கு யாருடைய பெயர் வைக்கப்பட்டது என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் அலெக்சாண்டர் ஏகநாயக்க குணசிங்க ஆவார். சுருக்கமாக ஏ. ஈ. குணசிங்க என்று எழுதுவோம். கொழும்பு நகரத் தொழிலாளர்களை முதன்முதலாகப் பெருமளவில் ஒன்றுதிரட்டி, பிரித்தானிய ஆட்சியாளருக்கும் பெரும் முதலாளிகளுக்கும் எதிரே நிறுத்தியவர் அவரே.

பாடநூலில் இவரைப் பற்றிச் சில வரிகளே உள்ளன. ஆனால் பரீட்சையில் தொழிலாளர் இயக்கம் பற்றிய வினா வரும்போது அந்தச் சில வரிகள் போதாது. காரணம் என்ன, விளைவு என்ன என்று விளக்கி எழுதினால்தான் முழுப் புள்ளி கிடைக்கும். ஆகவே அவருடைய வாழ்க்கையைத் தொடக்கம் முதல் ஒழுங்காகப் பார்ப்போம்.

1. கண்டியில் பிறந்தவர்

குணசிங்க 1891ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் திகதி கண்டியில் பிறந்தார். மே 1ஆம் திகதி உலகத் தொழிலாளர் தினம் என்பதை நீங்கள் அறிவீர்கள். பிறந்த திகதி தற்செயலானதுதான். என்றாலும், இவருடைய பிறந்த திகதியை மறக்காமல் இருக்க மாணவர்களுக்கு இது நல்ல வழியாகும்.

கண்டி தர்மராஜக் கல்லூரியிலும், பின்னர் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் கல்வி கற்றார். படிப்பு முடிந்ததும் புகையிரதத் திணைக்களத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அக்காலத்தில் அரசாங்க எழுதுவினைஞர் பதவி என்பது நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்குப் பெரிய பாக்கியம். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உறுதி. அப்படிப்பட்ட வேலையை அவர் விட்டுவிட்டுப் பத்திரிகைத் துறைக்கும் பொது வாழ்க்கைக்கும் வந்தார். புகையிரத சேவையில் இருந்தபோது தொழிலாளர்களை அருகில் இருந்து பார்த்த அனுபவம் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

2. அக்காலத் தொழிலாளரின் நிலை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பு விரைவாக வளர்ந்தது. 1867இல் கொழும்பு – கண்டி புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1880இல் அது மாத்தளை வரை நீண்டது. மலைநாட்டில் விளைந்த கோப்பியும் பின்னர் தேயிலையும் புகையிரதம் மூலம் கொழும்புத் துறைமுகத்துக்குச் சென்று கப்பலேறின. இதனால் துறைமுகம், புகையிரத வேலைத்தளம், பண்டசாலைகள், அச்சகங்கள், பொறியியல் வேலைத்தளங்கள், நெசவாலை என்பவற்றில் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் சேர்ந்தனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர், இந்தியாவிலிருந்து வந்த தமிழர், மலையாளிகள் என எல்லாச் சமூகத்தவரும் அவர்களுள் இருந்தனர்.

அவர்களுடைய நிலைமை பின்வருமாறு இருந்தது.

அ) வேலை நேரம் நீண்டது, கூலி குறைவு.
ஆ) வேலை நிரந்தரமானதன்று. துறைமுகத் தொழிலாளருக்குக் கப்பல் வந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.
இ) தொழிற்சங்கங்களைப் பாதுகாக்கும் சட்டம் எதுவும் இருக்கவில்லை.
ஈ) 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுச் சென்ற தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பவும் முடிந்தது.

இதிலே கடைசி விடயத்தை நன்றாகக் கவனியுங்கள். வேலைக்குப் போகாதிருப்பது இன்று தொழில் தொடர்பான ஒரு பிரச்சினை. அன்று அது குற்றம். தொழிலாளர் மீதான அடக்குமுறை சட்டப் புத்தகத்திலேயே இடம்பெற்றிருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

அப்படியிருந்தும் தொழிலாளர் சும்மா இருக்கவில்லை. 1893இல் கொழும்பு அச்சகத் தொழிலாளரும், 1896இல் சலவைத் தொழிலாளரும், 1906இல் வண்டிற்காரரும், 1912இல் புகையிரதத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஆனால் ஒவ்வொரு போராட்டமும் தனித்தனியாக நடைபெற்றது. போராட்டம் முடிந்ததும் அமைப்பும் கலைந்தது. வசதி படைத்த சில கனவான்கள் தொழிலாளருக்காக மனு எழுதிக் கொடுத்தார்களே தவிர, தொழிலாளரோடு சேர்ந்து வீதியில் இறங்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்பியவரே குணசிங்க.

3. 1915: இராணுவச் சட்டமும் சிறைவாசமும்

1915ஆம் ஆண்டில் குணசிங்கவும் நண்பர்களும் இளம் இலங்கைச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினர். அக்காலத் தலைவர்கள் மனுக்கள் மூலம் சிறு சீர்திருத்தங்களைக் கேட்டுக் கொண்டிருந்தபோது, இவ்விளைஞர்கள் தீவிரமான தேசிய உணர்வோடு செயற்பட முனைந்தனர்.

அதே ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் நாளையொட்டி, கண்டியில் சிங்களவருக்கும் கரையோர முஸ்லிம்களுக்கும் இடையில் கலவரம் மூண்டது. அது வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தேசாதிபதி ரொபர்ட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். கலவரத்தை அடக்குவது ஆட்சியாளரின் கடமைதான். ஆனால் பிரித்தானியர் இக்கலவரத்தைத் தமக்கெதிரான சதியாகக் கருதி அளவுக்கு மீறி நடந்து கொண்டனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் பலர். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞருக்கு இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. டி. எஸ். சேனாநாயக்க, எப். ஆர். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க போன்ற மதுவொழிப்பு இயக்கத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். குணசிங்கவும் கைது செய்யப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். இந்த அநீதிகளைச் சட்டசபையிலும் இங்கிலாந்திலும் எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பது நீங்கள் ஏற்கெனவே படித்தது.

அப்போது குணசிங்கவுக்கு வயது 24. ஆட்சியாளரின் சட்டம் யாரைக் காக்கிறது, யாரை அடக்குகிறது என்பதை அந்த வயதில் சிறைக்குள்ளிருந்தே அவர் கற்றுக் கொண்டார்.

4. வீதி வரிக்கு எதிரான போராட்டம்

1848இல் தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் கொண்டுவரப்பட்ட வரிகளுள் ஒன்று வீதி வரியாகும். 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும். அல்லது அதற்கு ஈடாகப் பணம் செலுத்த வேண்டும். அந்த ஆண்டிலே மாத்தளையிலும் கண்டிப் பகுதியிலும் நடந்த கிளர்ச்சிக்கு இவ்வரிகளும் ஒரு காரணம். வீரபுரன் அப்புவும் கொங்காலகொட பண்டாவும் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா? கண்டியிலிருந்து அக்குறணை, அலவத்துகொட ஊடாக மாத்தளைக்கு பஸ்ஸில் போகும் மாணவர்கள் அந்தக் கிளர்ச்சி நடந்த பிரதேசத்தின் வழியாகவே நாள்தோறும் செல்கிறார்கள்.

1848 கிளர்ச்சி அடக்கப்பட்டாலும் வீதி வரி பல்லாண்டுகள் நிலைத்திருந்தது. பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே தொகை என்பதே அதன் பெருங்குறை. பணம் கட்ட முடியாத ஏழை கல்லுடைக்கப் போனான். இளம் இலங்கைச் சங்கம் இவ்வரிக்கு எதிராகப் போராடியது. காந்தியடிகளின் ஒத்துழையாமை முறை அவர்களுக்கு வழிகாட்டியது. 1922இல் சிலாபத்தைச் சேர்ந்த சட்டத்தரணி விக்டர் கொரேயா வரியைச் செலுத்த மறுத்துத் தண்டனையை ஏற்றுக்கொண்டார். படித்த சட்டத்தரணி ஒருவர் வீதியோரம் கல்லுடைத்த காட்சி மக்களை விழிப்படையச் செய்தது. பின்னர் இவ்வரி நீக்கப்பட்டது. ஆயுதம் ஏந்திய 1848 கிளர்ச்சியால் முடியாததைச் சட்டமறுப்பு செய்து முடித்தது என்று ஒப்பிட்டு எழுதினால் விடை சிறப்புப் பெறும்.

5. இலங்கைத் தொழிலாளர் சங்கமும் 1923 பொது வேலைநிறுத்தமும்

முதலாம் உலகப் போருக்குப் பின் அரிசி முதலிய பொருட்களின் விலை ஏறியது. கூலி அதற்கேற்ப உயரவில்லை. இந்த நிலையில் 1922ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரு தொழிலுக்கு ஒரு சங்கம் என்றிராமல், பல தொழில்களைச் சேர்ந்தோரும் ஒரே சங்கத்தில் சேர முடிந்தது இதன் சிறப்பு. இனம், மதம், மொழி என்ற வேறுபாடும் பார்க்கப்படவில்லை.

1923இல் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. புகையிரதத் தொழிலாளரோடு துறைமுகத் தொழிலாளரும் ஏனைய வேலைத்தளங்களைச் சேர்ந்தோரும் இணைந்தனர். சுமார் 20,000 தொழிலாளர் இதில் பங்குபற்றினர். இலங்கை வரலாற்றில் முதலாவது பொது வேலைநிறுத்தம் இதுவேயாகும்.

புகையிரதமும் துறைமுகமும் ஒரே நேரத்தில் முடங்கினால் என்ன நடக்கும்? கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பெட்டியில் அடைத்த தேயிலை கப்பலேறாது. வெளிநாட்டு அரிசி மலைநாட்டுக்கு வராது. கொழும்பு நகரத் தொழிலாளியின் கையில் முழு நாட்டின் பொருளாதாரத்தையும் நிறுத்தும் சக்தி இருந்தது என்பதை இரு தரப்பாரும் முதன்முறையாக உணர்ந்தனர். அரசாங்கம் விட்டுக்கொடுக்க மறுத்தது. தொழிலாளர் கேட்டவை எல்லாம் கிடைக்கவில்லை. ஆயினும் சங்கம் கலையவில்லை. முன்னைய வேலைநிறுத்தங்களுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவே.

6. 1927: வெற்றியின் ஆண்டு

1927ஆம் ஆண்டு தொடக்கத்தில் கொழும்புத் துறைமுகத்தில் சுமார் 13,000 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வருமானமின்றி வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்வது நாட்கூலி பெறுபவர்களுக்கு எளிதான காரியமன்று. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சங்கம் கூட்டங்களை நடத்தி ஊக்கமளித்து அவர்களைச் சோர்ந்துபோகாமல் காத்தது. இப்போராட்டம் கூலி உயர்வைப் பெற்றுத் தந்ததோடு, குணசிங்கவைத் தொழிலாளரின் பெருந்தலைவராகவும் ஆக்கியது.

அதே ஆண்டு இவருடைய தலைமையில் கொழும்பில் மே தினம் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் கொழும்பிலே தொழிலாளர் சங்கத்தின் கூட்டத்திலும் உரையாற்றினார்.

இக்காலத்தில் குணசிங்கவோடு தோளோடு தோள் நின்ற ஒருவரைத் தமிழ்மொழி மூல மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அவர் தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர். தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர். இலங்கைத் தொழிலாளர் சங்கத்தின் உபதலைவராகப் பணியாற்றினார். தமிழ் பேசும் தொழிலாளரிடம் சங்கத்தின் செய்தியைக் கொண்டு சென்றார். சிங்களத் தலைவர் ஒருவரும் இந்தியத் தமிழர் ஒருவரும் ஒரே சங்கத்தின் தலைமைப் பதவிகளை வகித்த காலம் அது.

7. டொனமூர் ஆணைக்குழுவும் சர்வசன வாக்குரிமையும்

1927இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கே வாக்குரிமை இருந்தது. சொத்து, வருமானம், கல்வி என்பனவே தகுதிகளாக இருந்தன. வாக்குரிமையைப் பெருமளவில் விரிவாக்குவதை இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவர்கள் பலர் விரும்பவில்லை. கல்வியறிவற்ற மக்களிடம் வாக்கைக் கொடுத்தால் ஆபத்து என்று அவர்கள் கருதினர்.

குணசிங்கவின் தொழிலாளர் சங்கம் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வேண்டுமென்று ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தது. வாக்கு இல்லாத தொழிலாளியின் குரல் எந்தச் சபையிலும் ஏறாது என்பது அவருடைய நிலைப்பாடு. 1931இல் 21 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவிலேயே முதன்மையான நாடுகளுள் ஒன்றாக இலங்கை இவ்வுரிமையைப் பெற்றதில் தொழிலாளர் இயக்கத்துக்கும் பங்குண்டு. இருப்பினும் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வதிவிடம் முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டதால் அவர்களுள் பலர் வாக்குரிமை பெறவில்லை.

1928இல் குணசிங்க இரண்டு அமைப்புகளைத் தோற்றுவித்தார். ஒன்று இலங்கைத் தொழிற்கட்சி. மற்றையது அகில இலங்கைத் தொழிற்சங்க காங்கிரஸ். பிரித்தானியத் தொழிற்கட்சியோடும் அவர் தொடர்பு வைத்திருந்தார்.

8. 1929: ட்ராம் வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும்

கொழும்பு வீதிகளில் அக்காலத்தில் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடின. பிரித்தானிய நிறுவனமொன்று அவற்றை நடத்தியது. 1929ஆம் ஆண்டு தொடக்கத்தில் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நிறுவனம் இணங்க மறுத்து, வேறு ஆட்களைக் கொண்டு வண்டிகளை ஓட்ட முயன்றது. பொலிசார் காவல் வழங்கினர். நகர மக்கள் தொழிலாளர் பக்கம் நின்றனர்.

பெப்ரவரி மாதம் மருதானையில் கூட்டத்தினருக்கும் பொலிசாருக்கும் இடையே மோதல் மூண்டது. மருதானைப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். சிலர் உயிரிழந்தனர், பெருந்தொகையானோர் காயமடைந்தனர். கூலியை உயர்த்தக் கேட்டுத் தொடங்கிய போராட்டம் உயிர்ப்பலியில் போய் முடிந்தது.

இந்த நிகழ்ச்சியை எழுதும்போது மாணவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் எழுதி விடுகிறார்கள். கூட்டத்தினரின் வன்முறையையும் எழுத வேண்டும். துப்பாக்கிச் சூட்டையும் எழுத வேண்டும். அதற்கு முன்னே பேச்சுவார்த்தைக்கு ஒழுங்கான வழி எதுவும் இருக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது வரலாற்று விடையாகும்.

9. 1929 கூட்டு உடன்படிக்கை

தொடர்ச்சியான வேலைநிறுத்தங்களால் முதலாளிமாரும் ஒன்றுசேர வேண்டிய நிலை ஏற்பட்டது. 1929இல் இலங்கை முதலாளிமார் சம்மேளனம் உருவானது. அதே ஆண்டு அச்சம்மேளனத்துக்கும் குணசிங்கவின் தொழிற்சங்க காங்கிரசுக்கும் இடையில் கூட்டு உடன்படிக்கை செய்யப்பட்டது.

இதனால் கிடைத்த நன்மை: தொழிற்சங்கத்தை முதலாளிமார் முதன்முறையாக ஏற்றுக்கொண்டனர், பிணக்குகளைப் பேசித் தீர்க்க வழி பிறந்தது.

இதனால் ஏற்பட்ட பாதிப்பு: முன்னறிவித்தல் இன்றி வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று சங்கம் ஒப்புக்கொண்டது. திடீர் வேலைநிறுத்தமே நாட்கூலித் தொழிலாளியின் பலமான ஆயுதம். அந்த ஆயுதத்தின் கூர்மை மழுங்கியது. தொழிலாளரின் கோபத்தைத் தூண்டி வந்த தலைவர் இப்போது அதனை அடக்க வேண்டியவராகவும் ஆனார்.

10. பிளவு

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இலங்கையையும் தாக்கியது. தேயிலை, இறப்பர் விலைகள் வீழ்ந்தன. கொழும்பில் வேலையில்லாதோர் தொகை பெருகியது. இருக்கும் வேலை குறைவு, கேட்போர் அதிகம் என்ற நிலையில், வேலை பறிபோவதற்குக் காரணம் மந்தமா, அல்லது பக்கத்தில் நின்று வேலை செய்யும் இந்தியத் தொழிலாளியா என்ற கேள்வி எழுந்தது.

குணசிங்க இரண்டாவது விடையைத் தேர்ந்தெடுத்தார். இந்தியத் தொழிலாளருக்கு எதிராக, குறிப்பாக மலையாளிகளுக்கு எதிராக, அவர் பிரசாரம் செய்யலானார். அவருடைய வீரயா என்ற சிங்களப் பத்திரிகையும் அதே வழியில் சென்றது. 1920களின் இறுதியிலேயே நடேசய்யர் அவரிடமிருந்து பிரிந்து விட்டார். நடேசய்யர் மலையகம் சென்று 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் ஏற்பட்டது. அங்கே பணிபுரிந்தவர்களுள் மலையாளிகள் பலர் இருந்தனர். இப்போராட்டத்துக்குக் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் தலைமை தாங்கினர். குணசிங்க அவ்வேலைநிறுத்தத்தை எதிர்த்து நின்றார். பத்து ஆண்டுகளுக்கு முன் எல்லா இனத்தவரையும் ஒரே மேடையில் நிறுத்தியவர் இப்போது தொழிலாளரின் போராட்டமொன்றையே எதிர்த்தார். கொழும்புத் தொழிலாளரின் தலைமை படிப்படியாக இடதுசாரிகளிடம் சென்றது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உதயமானது.

11. தொடர்ந்த அடக்குமுறை – கண்டிப் பகுதி

தலைமை மாறினாலும் அடக்குமுறை தொடர்ந்தது. இதனைக் காட்டும் மூன்று நிகழ்ச்சிகள் கண்டிப் பகுதியோடு தொடர்புடையவை.

அ) 1937 – பிரேஸ்கேர்டில் விவகாரம்: மடுல்கலையில் தோட்டமொன்றில் பயிற்சி பெற வந்த இளைஞர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். அவரை நாடு கடத்தத் தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. காலிமுகத்திடலில் நடந்த கண்டனக் கூட்டத்தில் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையும் பேசினார்.

ஆ) 1940 ஜனவரி – ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர்நீத்தார்.

இ) 1940 – போரை எதிர்த்த சமசமாஜத் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். பின்னர் கண்டி போகம்பறைச் சிறையில் வைக்கப்பட்டிருந்த அவர்கள் 1942 ஏப்ரலில் அங்கிருந்து தப்பினர். அந்தச் சிறைச்சாலை 2014இல் மூடப்பட்டது.

12. பிற்கால வாழ்க்கை

குணசிங்க அரசாங்க சபையில் கொழும்பு மத்திய தொகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்தினார். 1940களின் முற்பகுதியில் கொழும்பு மாநகர முதல்வராகவும் விளங்கினார். 1947 பொதுத் தேர்தலில் கொழும்பு மத்திய தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். டி. எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கத்தில் அமைச்சர் பதவியும் வகித்தார். அவ்வரசாங்கத்தின் காலத்திலேதான், 1948இல், மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது.

1952 தேர்தலில் அவர் தோல்வியுற்றார். ஒரு காலத்தில் அவருக்காக வேலையை விட்டு வீதிக்கு வந்த நகரம் அவரைக் கைவிட்டது. பின்னர் பர்மாவிலும் இந்தோனேசியாவிலும் இலங்கையின் தூதுவராகக் கடமையாற்றினார். 1967ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 1ஆம் திகதி தமது 76ஆவது வயதில் காலமானார்.

13. மதிப்பீடு

இந்தப் பாடத்தை முடிக்கும்போது வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வி எழும்பும்: இவர் நல்லவரா, கெட்டவரா? பரீட்சை வினாத்தாளில் அப்படி ஒரு கேள்வி வராது. ஆனால் கேள்வி நியாயமானது. ஆகவே பதில் சொல்ல வேண்டும்.

சிறைக்குப் பயந்து எழுதுவினைஞர் வேலையிலேயே அவர் இருந்திருந்தால் 1923 நடந்திராது. பாமரத் தொழிலாளிக்கும் அவன் மனைவிக்கும் வாக்கு வேண்டும் என்று அவருடைய சங்கம் வாதாடாதிருந்தால் அந்தக் கோரிக்கை பலமிழந்திருக்கும். இவை அவருடைய பெருமை. பஞ்சம் வந்தபோது, கூடவே பட்டினி கிடந்தவனைப் பகைவனாகக் காட்டினார். இது அவருடைய தவறு. பெருமை தவறை மறைத்துவிடக் கூடாது. தவறு பெருமையை அழித்துவிடவும் கூடாது.

அடக்குமுறை இரண்டு வழிகளில் தொழிலாளரைத் தோற்கடிக்கலாம் என்பதை இவருடைய வாழ்க்கை காட்டுகிறது. துப்பாக்கியும் சிறையும் ஒரு வழி. தொழிலாளரைத் தமக்குள்ளே பிரித்து வைப்பது மற்றைய வழி. கொழும்புத் தொழிலாளர் முதலாவதைத் தாங்கி நின்றார்கள். இரண்டாவதைத் தாங்க முடியவில்லை. பல இனத்தவர் அருகருகே வாழும் கண்டி மாவட்டத்து மாணவர்களுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

14. நினைவில் வைத்திருக்க வேண்டிய ஆண்டுகள்

1891 – குணசிங்க கண்டியில் பிறத்தல்
1893 – கொழும்பு அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம்
1915 – இளம் இலங்கைச் சங்கம், இராணுவச் சட்டம், சிறைவாசம்
1922 – இலங்கைத் தொழிலாளர் சங்கம்
1923 – பொது வேலைநிறுத்தம்
1927 – துறைமுக வேலைநிறுத்தம், டொனமூர் ஆணைக்குழு
1928 – இலங்கைத் தொழிற்கட்சி, தொழிற்சங்க காங்கிரஸ்
1929 – ட்ராம் வேலைநிறுத்தம், கூட்டு உடன்படிக்கை
1931 – சர்வசன வாக்குரிமை
1933 – வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தம்
1935 – தொழிற்சங்கக் கட்டளைச்சட்டம். லங்கா சமசமாஜக் கட்சி
1967 – குணசிங்க மறைவு

கவனிக்க: 1922இல் தோன்றியது சங்கம், 1928இல் தோன்றியது கட்சி. இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழப்போர் பலர். 1923 வேலைநிறுத்தத்தில் ட்ராம் தொழிலாளரை எழுதி, 1929இல் துறைமுகத்தை எழுதுவதும் வழக்கமான பிழை.

15. மாதிரி வினாக்கள்

1. இலங்கைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்ட ஆண்டு யாது? (1 புள்ளி)

2. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொழும்புத் தொழிலாளர் எதிர்நோக்கிய பிரச்சினைகள் மூன்றினைக் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)

3. 1923 பொது வேலைநிறுத்தம் முன்னைய வேலைநிறுத்தங்களிலிருந்து எவ்வாறு வேறுபட்டது என விளக்குக. (4 புள்ளிகள்)
வழிகாட்டல்: பல தொழில் சார்ந்தோர் இணைந்தமை, பங்குபற்றியோர் தொகை, நிரந்தர அமைப்பு, இன வேறுபாடற்ற ஒற்றுமை என்ற நான்கையும் ஒவ்வொரு வாக்கியத்தில் எழுதுக.

4. 1929 கூட்டு உடன்படிக்கையால் தொழிலாளருக்கு ஏற்பட்ட நன்மையையும் பாதிப்பையும் ஆராய்க. (5 புள்ளிகள்)

5. கொழும்புத் தொழிலாளர் இயக்கத்தின் வளர்ச்சியிலும் பிளவிலும் ஏ. ஈ. குணசிங்க வகித்த பங்கினை மதிப்பிடுக. (7 புள்ளிகள்)
வழிகாட்டல்: வளர்ச்சிக்கு நான்கு, பிளவுக்கு இரண்டு, முடிவுரைக்கு ஒன்று எனப் புள்ளிகளைப் பிரித்துக் கொள்க. முடிவுரையை மனப்பாடம் செய்யாமல் சொந்தமாகச் சிந்தித்து எழுதுக.